எழுநூற்று எழுபத்து மூன்று பற்கள்

ஜனவரி 9

என் பல்லழகிக்கு,

நலம். நீயும் நலம் என்று பட்டறைச் சத்தத்துக்கு நடுவே கத்திச் சொன்னதாக எடுத்துக்கொள்கிறேன். தொலைபேசியில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை வந்துவிடுகிறது, கடிதத்தில் சண்டை வர ஒரு வாரமாவது ஆகும் என்று சொன்னவள் நீதான். அதனால் இதைக் கடிதத்திலேயே சொல்கிறேன். மெஷினை நிறுத்திவிட்டு உட்கார்ந்து படி.

ஒரு எண்ணை உடைத்துவிட்டேன். 1,46,097.

சிரிக்காதே. இந்த ரயில் நிலையக் கடிகாரத்துக்காகத்தான் ஒன்றரை வருஷமாக இங்கே தனியாக, ஆறிப்போன காபியைக் குடித்துக்கொண்டு கிடக்கிறேன். கடிகாரத்துக்கு ஒரே முகம், மூன்று முட்கள். ஒன்று நாளுக்கு ஒரு சுற்று, இன்னொன்று வாரத்துக்கு ஒரு சுற்று, மூன்றாவது வருஷத்துக்கு ஒரு சுற்று. முதல் இரண்டும் விளையாட்டு வேலை. வருஷ முள்தான் வம்பு பிடித்தது. வருஷம் என்பது முழு நாட்களாக வந்து தொலைவதில்லை அல்லவா? நாலு வருஷத்துக்கு ஒருமுறை பிப்ரவரியில் ஒரு நாள் சேர்க்கிறோம். நூறாவது வருஷம் வந்தால் சேர்ப்பதில்லை. நானூறாவது வருஷம் வந்தால் மறுபடி சேர்க்கிறோம். எல்லாவற்றையும் கூட்டினால் நானூறு வருஷத்துக்கு மிகச் சரியாக 1,46,097 நாள். அரை, கால் என்று ஒரு துணுக்குகூட மிச்சமில்லை.

ஏழால் வகுத்துப் பார்த்தேன், மீதியில்லாமல் போனது. அப்படியென்றால் நானூறு வருஷம் முழு வாரங்களாக அமைகிறது. இன்று வெள்ளிக்கிழமை என்றால் நானூறு வருஷம் கழித்து இதே தேதியும் வெள்ளிக்கிழமைதான். பிறகு மூன்றால் வகுத்தேன். மூன்று தடவை வகுபட்டது. கடைசியில் 773 வந்து நின்றது. அதற்குப் பிறகு தலைகீழாக நின்றாலும் உடையவில்லை. பகா எண்.

உடைந்த சின்னத் துண்டுகளைப் பெருக்கினால் 189. ஆக இருபது பல் குட்டிப் பினியன் ஒன்று, அது சுழற்றும் 189 பல் சக்கரம், அதன் தண்டில் இன்னொரு இருபது பல் பினியன், அது சுழற்றும் 773 பல் சக்கரம். இருபதை இருபதால் பெருக்கினால் 400, 189ஐ 773ஆல் பெருக்கினால் 1,46,097. நாலே நாலு சக்கரத்தில் நானூறு வருஷம்! இதைக் கண்டுபிடித்த அன்று தெருவில் போனவர்களையெல்லாம் நிறுத்திச் சொல்ல வேண்டும் போல இருந்தது. சொல்லவில்லை. உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன்.

இனி வம்பு. எங்கள் மேலாளர் கிடங்கில் ஒரு பழைய கடிகாரத்தின் 487 பல் சக்கரத்தை வைத்திருக்கிறார். அதைப் போட்டால் வருஷம் என்பது 365¼ நாள் என்று ஆகிவிடும். "நானூறு வருஷத்துல மூணே மூணு நாள்தான சார் தப்பும்? யாரு வந்து கேக்கப் போறா?" என்றார். "நான் கேப்பேன்" என்றேன். "773 பல்லு எவன் வெட்டுவான்?" என்றார். "எவனும் வெட்ட மாட்டான். எங்க வீட்டுல வெட்டுவாங்க" என்று சொல்லிவிட்டேன்.

மே மாதம் திறப்பு. ஏப்ரல் கடைசிக்குள் சக்கரம் வரவில்லையென்றால் பழையது ஏறும். அதன் வரைபடத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று நாள் பொய்க்கு என் கை வராது.

வெட்டுவாய்தானே?

உன்
கணக்குப்பிள்ளை

ஜனவரி 21

அன்புள்ள கணக்குப்பிள்ளை அவர்களுக்கு,

முதலில் வாயைக் கொடுத்துவிட்டு, பிறகு வெட்டுவாயா என்று கேட்கிற பழக்கம் உங்களை விட்டுப் போகாது போலிருக்கிறது. நம் கல்யாணத்திலும் இதுதான் நடந்தது. ஊருக்கெல்லாம் தேதி சொல்லிவிட்டுக் கடைசியாக என்னிடம் கேட்டீர்கள்.

கடிதத்தை மெஷினை நிறுத்தாமல்தான் படித்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன். அந்த அளவுக்கு ஒப்புக்கொள்கிறேன்.

நீங்கள் பகா எண் என்று சொன்னால் நான் நம்பிவிடுவேனா? தரையில் சாக்பீஸால் நானே வகுத்துப் பார்த்தேன். இருபத்து மூன்று வரைக்கும் பகா எண்களாகப் பார்த்தால் போதும், இருபத்தொன்பதை இருபத்தொன்பதால் பெருக்கினாலே 773ஐத் தாண்டிவிடுகிறது. நம் ஃபிட்டர் அவசரம் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாக ஊர்ந்து ஊர்ந்து கூட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு அவசரம் என்று பெயர் வைத்தவர் நீங்கள். இன்னும் ஒரு வேலையையும் அவர் அவசரமாகச் செய்து நான் பார்த்ததில்லை. ஏழுக்கு மூன்று மீதி, பதினொன்றுக்கும் மூன்று மீதி, இருபத்து மூன்றுக்குப் பதினான்கு மீதி. ஒருவருக்கும் அடங்கவில்லை. "இது யாரு மாதிரி இருக்கு தெரியுமா?" என்று கேட்டார் அவசரம். "தெரியும், வேலையப் பாருங்க" என்றேன்.

வம்பு எங்கே என்று உங்களுக்கும் தெரியும். நம் டிவைடிங் ஹெட்டில் வட்டத்தைச் சம பங்காகப் பிரிக்க அதன் தட்டில் அதற்கேற்ற துளை வேண்டும். 189 பல் கேட்டால் மாலைக்குள் கொடுத்துவிடுவேன். 773க்குத் துளை உள்ள தட்டு எந்தக் கடையிலும் கிடையாது. 773 பங்கு போட ஏற்கெனவே 773 பங்கு போட்ட ஏதோ ஒன்று வேண்டும். இது எங்கே போய் முடியும்?

ஆனால் வெட்டுவேன். எங்கள் பட்டறைப் பெயரைச் சொல்லிவிட்டீர்கள், வேறு வழியில்லை. எப்படி என்று யோசித்துச் சொல்லுங்கள். நானும் யோசிக்கிறேன். யார் முதலில் கண்டுபிடிக்கிறோம் பார்க்கலாம்.

ஒன்று கேட்க வேண்டும். திறக்கிற அன்று மூன்று முள்ளையும் நேர் மேலே நிறுத்தித்தானே ஓட விடுவீர்கள்? மறுபடி மூன்றும் எப்போது ஒன்றாக மேலே வரும்?

மேல் சட்டைப் பொத்தான்களை யார் தைத்துத் தருகிறார்கள்?

இப்படிக்கு,
உங்கள் வீட்டில் வெட்டுகிறவள்

பிப்ரவரி 2

என் பல்லழகிக்கு,

பொத்தான்கள் இல்லை. ஊக்கு குத்தியிருக்கிறேன்.

உன் கேள்விக்கு வருகிறேன். எவ்வளவு அருமையான கேள்வி தெரியுமா? மேலாளருக்கு ஒன்றரை வருஷத்தில் தோன்றாத கேள்வி. நானூறும் 1,46,097ம் எந்தப் பொது எண்ணாலும் வகுபடாதவை. அதனால் வருஷ முள்ளும் நாள் முள்ளும் ஒரே நொடியில் நேர் மேலே நிற்க வேண்டுமென்றால் முழுசாக 1,46,097 நாள் போக வேண்டும். ஒரு நாள் முன்னாலும் கிடையாது. அதே எண் ஏழால் வகுபடுவதால் அந்த நொடியில் வார முள்ளும் மேலே வந்து நிற்கும். ஒரு முறை மேலே சேர்ந்தால் அடுத்த முறை நானூறு வருஷம் கழித்து! நம் பேரன் பேத்திகளுக்குப் பேரன் பேத்திகள் பிறந்து, அவர்களும் போய்ச் சேர்ந்த பிறகு! என்ன எண் பார். நினைத்தாலே நெஞ்சு நிமிர்கிறது.

அந்த 487 பல் குப்பையைப் போட்டிருந்தால் இருபத்தெட்டு வருஷத்துக்கு ஒரு தடவை மூன்றும் மேலே வந்து கூடிவிடும். மலிவாகப் போயிருக்கும்.

வெட்டும் வழி எனக்குத்தான் முதலில் கிடைத்தது என்று நினைக்கிறேன். வட்டத்தைப் பங்கு போடுவதுதானே கஷ்டம்? நேர்க்கோட்டைப் பங்கு போடுவது சுலபம். நீளமான மெல்லிய எஃகுப் பட்டை ஒன்று எடு. அதில் சென்டிமீட்டருக்கு ஒன்றாக 773 துளை போடு. மரத்தில் பெரிய வட்டு ஒன்று செய்து பட்டையை அதன் விளிம்பில் சுற்று. வட்டும் சக்கரமும் ஒரே தண்டில் இருக்கட்டும். ஒவ்வொரு துளையிலும் ஊசியைப் போட்டு நிறுத்தி ஒவ்வொரு பல்லாக வெட்டு. வட்டு பெரிசு, சக்கரம் சின்னது, அதனால் துளையில் இருக்கும் சிறு பிசகு பல்லில் பாதியாகக் குறைந்துவிடும்.

எப்படி?

உன்
கணக்குப்பிள்ளை

பிப்ரவரி 16

அன்புள்ள கணக்குப்பிள்ளை அவர்களுக்கு,

பட்டை யோசனை எனக்கும் வந்தது. உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே பட்டை வாங்கிவிட்டேன். அவசரம் சாட்சி. சமம் என்று வைத்துக்கொள்வோம்.

ஏழே முக்கால் மீட்டர் பட்டைக்குப் பட்டறையில் நேரான இடம் இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்தேன். முன்னறையில் தொடங்கி, நடைவழியில் நீண்டு, சமையலறைக்குள் போய் அடுப்படியில் முடிகிறது. ஒரு வாரமாகச் சமையலறைக் கதவைச் சாத்த முடியவில்லை. முழங்காலில் உட்கார்ந்து துளை போடுகிறேன். உங்கள் நாற்காலியை நகர்த்த வேண்டியிருந்தது. நீங்கள் போனதிலிருந்து அதை யாரும் நகர்த்தவில்லை. அடியில் உங்கள் பேனா மூடி கிடந்தது.

நீங்கள் எழுதிய ஒன்று துளை போடும்போதெல்லாம் உறுத்துகிறது. சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கை ஓடாது. இருபத்தெட்டு வருஷம் மலிவு என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு இப்போது நாற்பத்து நான்கு. இருபத்தெட்டு வருஷம் கழித்து எழுபத்திரண்டு. உங்களுக்கு எழுபத்தைந்து. அந்த ரயில் நிலைய வாசலில் இரண்டு பேரும் நின்று மேலே பார்ப்போம். நீங்கள் "நான் சொன்னேன்ல?" என்பீர்கள். நான் "ரொம்பத்தான்" என்பேன். மூன்று முள்ளும் ஒன்றாக மேலே வரும். அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவோம்.

அது கூடாது, யாருமே பார்க்க முடியாத நானூறுதான் வேண்டும் என்பதில் உங்களுக்கு இவ்வளவு சந்தோஷம். நீங்கள் கிளம்பிய அன்று நானும் "போ"ன்னு சொல்லவில்லை, "இரு"ன்னும் சொல்லவில்லை. நீங்களும் கேட்கவில்லை. கணக்கில் மட்டும் துணுக்கு மிச்சமில்லாமல் பார்க்கிறீர்கள்.

சரி. எழுதிவிட்டேன். இனி துளைகள் நேராக வரும். கவலைப்படாதீர்கள், கோபத்தில் நான் வேலையைக் கெடுப்பவள் இல்லை.

ஊக்கைக் கழற்றிவிட்டுப் பொத்தான் தைத்துக்கொள்ளுங்கள். உடன் நாலு வைத்திருக்கிறேன்.

பல்லழகி

மார்ச் 1

என் பல்லழகிக்கு,

பொத்தான்கள் வந்தன. தைத்துக்கொண்டேன். ஒன்று மட்டும் கோணலாக இருக்கிறது.

உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நான்கு நாளாக அலைகிறேன். பதில் எழுத உட்கார்ந்தால் வாக்கியம் வரவில்லை. எண்களைப் பற்றி என்றால் எனக்குப் பக்கம் பக்கமாக வரும், உனக்குத் தெரியும். நம்மைப் பற்றி எழுதத் தொடங்கினால் இரண்டாவது வரியிலேயே நின்றுவிடுகிறது. இருபத்தெட்டை மலிவு என்று சொன்னது முட்டாள்தனம். நீ அந்த வாசலில் நிற்பதாக எழுதியிருந்தாயே, அந்த இடத்துக்குப் போய் நின்று பார்த்தேன். கழுத்து வலிக்கிற உயரம்.

ஆனாலும் சக்கரம் 773தான். பொய்யான கடிகாரத்தின் கீழ் உன்னோடு நிற்க எனக்குப் பிடிக்காது. உனக்கும் பிடிக்காது.

இன்னொரு செய்தி. இந்தக் கடிகாரம் முடிந்த பிறகும் என்னை இங்கேயே நிரந்தரமாக இருந்துவிடச் சொல்கிறார்கள். இன்னும் மூன்று நிலையங்களுக்குக் கடிகாரம் வேண்டுமாம். நான் பதில் சொல்லவில்லை.

உன்
கணக்குப்பிள்ளை

மார்ச் 19

அன்புள்ள கணக்குப்பிள்ளை அவர்களுக்கு,

சக்கரம் வெட்டி முடித்தேன். தப்பாகப் போய்விட்டது.

பதறாதீர்கள், முதலிலிருந்து சொல்கிறேன். வட்டு ஆள் உயரத்தைத் தாண்டிவிட்டது. கூரையில் ஓர் ஓட்டை போடாத குறைதான். பட்டையைச் சுற்றி, வட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவிக் குறைத்து, பட்டையின் இரண்டு முனைகளும் பொருந்தும்படி செய்தோம். பிறகு ஒவ்வொரு துளையாக ஊசி போட்டு வெட்டினேன். தினமும் மாலைக்குள் விரல்கள் மரத்துப்போகும். கடைசிப் பல்லை வெட்டி முடித்ததும் அவசரம் கைதட்டினார். ஆயுளில் முதல் தடவையாக வேகமாக ஒன்று செய்தார்.

எண்ணிப் பார்த்தேன். சாக்பீஸ் போட்ட பல்லில் தொடங்கி அதே பல்லில் முடித்தேன். 773. இரண்டாம் தடவையும் 773. மூட்டை கட்டி அனுப்பியிருப்பேன். ஆனால் மனசு ஒப்பவில்லை. இருபது பல் பினியனில் ஒரே ஒரு பல்லுக்குச் சிவப்புப் பெயின்ட் தடவி, சக்கரத்தோடு கோத்துக் கையால் சுற்றினேன். 773க்கும் இருபதுக்கும் பொதுவாக எதுவும் இல்லை. அதனால் அந்தச் சிவப்புப் பல் சுற்றிச் சுற்றி வந்து பெரிய சக்கரத்தின் எல்லாப் பற்களையும் தொட்டாக வேண்டும். ஒரு பல்லும் தப்பக் கூடாது.

சுற்றினேன், சுற்றிக்கொண்டே இருந்தேன். நாலு பல்லுக்கு ஒரு பல்தான் சிவப்பாகிறது. நடுவில் மூன்றும் பளபளவென்று அப்படியே இருக்கின்றன. இருபதோடு நாலு பொதுவாக உள்ள எண் ஒன்றுதான் அப்படிச் செய்யும். 772. தொடங்கிய பல்லையே முடிவிலும் எண்ணியிருக்கிறேன், இரண்டு தடவையும்.

ஒரு பல் எங்கே போனது? பட்டையில் 773 துளை போடச் சொன்னீர்கள், போட்டேன். வட்டில் சுற்றும்போது கடைசித் துளையை முதல் துளையின் மேல் வைத்து ஊசி செருகினேன். இரண்டு துளை ஒன்றாகிவிட்டது. ஒன்றின்மேல் ஒன்று வைக்க வேண்டுமென்றால் 774 துளை, பக்கத்தில் வைக்க வேண்டுமென்றால் 773. எது என்று நீங்களும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. நமக்கு இது புதிசா?

தப்பு என் பட்டறையில் நடந்தது, அதனால் என்னுடையது. வேறு யாரும் இதைக் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள் என்பதையும் எழுதி வைக்கிறேன். 773வது துளைக்கு அப்பால் முனையை வெட்டி, முதல் துளைக்குப் பக்கத்தில் பொருத்தி மறுபடி பல் வெட்டுகிறேன். வட்டைப் புதிதாகச் செய்ய வேண்டும். ஏப்ரல் கடைசிக்குள் கஷ்டம். ஆனால் வரும்.

நிரந்தரம் பற்றி எழுதியிருந்தீர்கள். படித்தேன்.

பல்லழகி

மார்ச் 30

என் பல்லழகிக்கு,

உன் கடிதத்தை மேலாளரிடம் அப்படியே வாசித்துக் காட்டினேன், கடைசி வரியைத் தவிர. சிவப்புப் பெயின்ட் வந்த இடத்தில் அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "எண்ணாமலே கண்டுபிடிச்சாங்களா?" என்றார். "எண்ணினாங்க. எண்ணினது தப்புன்னு கண்டுபிடிச்சாங்க" என்றேன். எனக்கு அந்த யோசனை வந்திருக்காது. சத்தியமாகச் சொல்கிறேன். உன்னைப் பற்றிப் பேசும்போது என் குரல் உயர்ந்துவிடுவதாகப் பக்கத்து மேசைக்காரர் சொல்கிறார். உயரட்டும்.

துளையைப் பற்றி நான் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். தப்பில் பாதி எனக்குக் கொடு. முழுசையும் நீயே வைத்துக்கொள்ளாதே.

மேலாளர் எட்டு நாள் கூடக் கொடுத்திருக்கிறார். "மே எட்டு. அதுக்கப்புறம் பழசுதான்" என்றார். திறப்பு மே கடைசி ஞாயிறு, நண்பகல். அழைப்பிதழும் அச்சாகிவிட்டது. உன்னுடையதை இதோடு வைத்திருக்கிறேன். வருவாய் அல்லவா?

உன்
கணக்குப்பிள்ளை

ஏப்ரல் 27

அன்புள்ள கணக்குப்பிள்ளை அவர்களுக்கு,

சக்கரம் இன்று காலை கிளம்பிவிட்டது. மே எட்டு எதற்கு? இதோ ஏப்ரலிலேயே.

இந்தத் தடவை எண்ணவே இல்லை. பினியனில் ஒரு பல்லுக்குச் சிவப்பைத் தடவிச் சுற்றினேன். முதல் சுற்றில் அங்கொன்றும் இங்கொன்றும். பிறகு இடைவெளிகள் நிரம்பத் தொடங்கின. பட்டறையில் ஒருவரும் வேலை செய்யவில்லை, எல்லாரும் சுற்றி நின்று பார்த்தார்கள். இருபதாவது சுற்றில் சக்கரம் முழுக்கச் சிவப்பு. ஒரு பல் மிச்சமில்லை. நான் அழுதேன் என்று அவசரம் உங்களுக்குத் தனியாக எழுதுவார். நம்பாதீர்கள். பெயின்ட் வாசனை.

இல்லை, அழுதேன். இத்தனை வருஷத்தில் நான் வெட்டியதில் இதற்கு ஈடாக ஒன்றுமில்லை. உலகத்திலேயே எத்தனை பேர் வெட்டியிருப்பார்கள் இப்படி ஒன்றை? பெட்டிக்குள் வைக்கும்போது தூங்குகிற குழந்தையைப் படுக்க வைப்பதுபோல் வைத்தேன். சிவப்பைத் துடைத்துவிட்டேன், ஒரு பல்லில் மட்டும் விட்டுவைத்திருக்கிறேன். அதைத் துடைக்காதீர்கள்.

தப்பான 772 பட்டறைச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

அழைப்பிதழைப் படித்தேன். "வடிவமைப்பாளரின் துணைவியார் அவர்களுக்கு" என்று போட்டிருக்கிறது. உங்கள் துணைவியாருக்கு அன்று பட்டறையில் வேலை இருக்கிறது. வர இயலாததற்கு வருந்துகிறார் என்று மேலாளரிடம் சொல்லுங்கள்.

பல்லழகி

மே 7

என் பல்லழகிக்கு,

சக்கரம் ஏறிவிட்டது. அப்படியே வந்து உட்கார்ந்தது. அரம் தொடவில்லை. ராவ வேண்டிய அவசியம் ஓரிடத்திலும் இல்லை. கையால் தள்ளினால் சத்தமே இல்லாமல் நகர்கிறது. மேலாளர் காதை வைத்துக் கேட்டார். "ஓடுதா, நிக்குதா?" என்றார்.

அழைப்பிதழை அவர் மேசையில் வைத்து உன் கடிதத்தின் கடைசிப் பத்தியை வாசித்தேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. அடித்துத் திருத்தித் தருகிறேன் என்றார். வேண்டாம், புதிதாக அச்சடியுங்கள் என்றேன். ஒரே ஒரு பிரதிக்காக அச்சகத்தை ஓட விட்டோம். இதோடு இருக்கிறது. படி.

படித்தாயா? "எழுநூற்று எழுபத்து மூன்று பல் சக்கரத்தை வெட்டியவர்." கடிகார முகத்தின் கீழே பித்தளைத் தகட்டிலும் அதே வரிதான், என் வரிக்கு மேலே. நான் கேட்டுப் போட வைத்தது இல்லை, அவரே சொன்னது. கீழே போடுங்கள் என்று நானும் சொல்லவில்லை!

இப்போது மூன்று முட்களும் நேர் மேலே நிற்கின்றன. நகராமல் இருக்க ஓர் எஃகு ஆணியைச் செருகியிருக்கிறோம். அதைப் பிடுங்கும் நொடியில் கடிகாரம் தொடங்கும். பிடுங்க ஒரு பெரிய மனிதரை அழைத்திருந்தார்கள். அவர் கைதட்டட்டும், ஆணியை நீதான் பிடுங்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். மறுபடி வாயைக் கொடுத்துவிட்டுக் கேட்கிறேன். வா.

இங்கே இருந்துவிடுவதா என்ற பேச்சுக்கு ஜூன் பதினைந்துக்குள் பதில் சொல்ல வேண்டும். நீ "படித்தேன்" என்று மட்டும் எழுதினாய். எனக்கு அந்த ஒரு சொல் போதவில்லை.

உன்
கணக்குப்பிள்ளை

ஜூன் 4

அன்புள்ளவருக்கு,

வந்து சேர்ந்தேன். வழியெல்லாம் வலது கையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஆணி அந்தக் கைக்குள் இருந்தது.

அன்றைக்கு அவ்வளவு கூட்டத்தில் உங்களிடம் ஒன்றும் பேச முடியவில்லை. நீங்கள் வேறு, வருகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி "வெட்டினவங்க இவங்கதான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். டிக்கெட் கொடுக்கிறவரிடம்கூடச் சொன்னீர்கள். வெட்கமாக இருந்தது. நிறுத்தச் சொல்லவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். பித்தளையில் என் வரியைக் கைக்குட்டையால் துடைத்தீர்களே, அதையும் பார்த்தேன்.

ஆணியைப் பிடுங்கியதும் மூன்று முள்ளும் பிரிய ஆரம்பித்தன. முதலில் ஒன்றும் தெரியவில்லை. எல்லாரும் சாப்பிடப் போன பிறகு நாம் இரண்டு பேரும் அங்கேயே நின்றோம். நாள் முள் விலகிவிட்டது. வார முள் கொஞ்சம். வருஷ முள் அப்படியே நிற்பதுபோல. இனி இவை மேலே ஒன்றாக வரும்போது நாம் இருக்கப் போவதில்லை என்று நினைத்தேன். வருத்தமாக இல்லை. கர்வமாக இருந்தது. நீங்கள் சொன்னதுதான் சரி, அங்கே 773தான் இருக்க வேண்டும். நாம் இல்லாத காலத்துக்கும் பொய் சொல்லாத ஒன்றைச் செய்திருக்கிறோம். எத்தனை தம்பதிகளுக்கு அது வாய்க்கும்?

இனி என் கணக்கு. கிடங்கில் கிடக்கும் 487 பல் சக்கரத்தை மேலாளர் என்ன செய்யப் போகிறார்? யாருக்கும் வேண்டாம் என்றால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பினியனும் மற்றச் சக்கரங்களும் நான் வெட்டி வைக்கிறேன். நம் முன்னறைச் சுவரில், உங்கள் நாற்காலிக்கு எதிரே, மூன்று முள் வைத்து ஒரு கடிகாரம் செய்வோம். மலிவானது. இருபத்தெட்டு வருஷத்துக்கு ஒருமுறை மூன்றும் மேலே வந்து கூடும்.

பிசகும் என்பீர்கள். போட்டுப் பார்த்தேன். இருபத்தெட்டு வருஷத்தில் ஐந்து மணி நேரம் பிசகுகிறது. பரவாயில்லை. நீங்கள் எனக்கு எத்தனையோ தடவை ஐந்து மணி நேரம் தாமதமாக வந்திருக்கிறீர்கள், பொறுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஊருக்கு நானூறு கொடுத்தாகிவிட்டது. எனக்கு இருபத்தெட்டு வேண்டும்.

போகும்போது "இரு"ன்னு சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். வாங்க. வந்து இங்கே இருங்க.

உங்கள்
பல்லழகி

ஜூன் 11

என் பல்லழகிக்கு,

மேலாளரிடம் பதில் சொல்லிவிட்டேன். மற்ற மூன்று கடிகாரங்களுக்கும் கணக்கை இங்கிருந்தே போட்டு அனுப்புகிறேன் என்றேன். "இங்கேருந்தேன்னா எங்கேருந்து?" என்றார். "எங்க வீட்டுலேருந்து" என்றேன். வாயில் அப்படித்தான் வந்தது. நான் இன்னும் கிளம்பக்கூட இல்லை.

487ஐக் கொடுத்துவிட்டார். அரை மீட்டர் அகலம், பெட்டிக்குள் அடங்கவில்லை. துணிகளை எடுத்து வெளியே வைத்தேன், அப்போதும் அடங்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை நண்பகலுக்கு வந்து சேரும் வண்டி. தாமதமானால் ஐந்து மணி நேரத்துக்குள்தான்.

மூன்று முள்ளையும் மேலே நிறுத்தி ஆணியைச் செருகி வை. நாற்காலியை நகர்த்திய இடத்திலேயே விட்டுவிடு, சுவர் அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும்.

உன்
கணக்குப்பிள்ளை